இடது கன்னத்தின் சம்மதம்

சாம்பாரில் உப்பு இல்லை என்பது அந்த உணவுக்கூடத்தில் இருந்த நாற்பது பேருக்கும் தெரியும். ஒருத்தர் முகத்திலும் அது தெரியவில்லை. நாற்பது பேரும் மலர்ந்த முகத்தோடு இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தொன்றாவது ஆள் சண்முகவடிவு. ஒரு வாய் வைத்தாள். மேலுதடு மூக்கை நோக்கி ஏறியது. மூக்கின் இரண்டு பக்கமும் மடிப்பு விழுந்தது. அவ்வளவுதான். பரிமாறுகிறவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். "டாக்டரம்மா சுளிச்சுட்டாங்க!" என்ற குரல் சமையல்கட்டில் கேட்டது. இரண்டு நிமிஷத்தில் வேறு வாளி வந்தது. நாற்பது பேரும் அதையும் அதே மலர்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள்.

ஜடங்கள் என்று வடிவு நினைத்தாள். இந்த ஜடங்களைச் செய்தது தன் கைதான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் அவர்கள்மேல் இருந்த இளக்காரம் ஒரு துளியும் குறையவில்லை.

கோயம்புத்தூர் 'இன்முகம்' நிறுவனத்தில் அவள் தலைமைத் தடவரைஞர். இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் வரைந்த முதல் சாரம், லாரி விபத்தில் முகத்தின் ஒரு பக்கம் செத்துப்போன ஒரு மெக்கானிக்குக்குப் போனது. கட்டடம் எழும்புகிறவரை சவுக்குக் கம்பில் சாரம் கட்டுகிறார்கள் அல்லவா, இதுவும் அதுதான். மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த பலபடியால், அதாவது பாலிமரால், செய்த ஒரு மெல்லிய குழல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத தடங்கள். அறுந்த நரம்பின் இரண்டு முனைக்கும் நடுவில் அதை வைத்துத் தைத்தால், நரம்பிழைகள் தடம் பிடித்து ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். மறுகரையைத் தொட்டதும் சாரத்துக்கு வேலை முடிந்தது. தயிரில் இருக்கிற அதே புளிப்பாகக் கரைந்து ரத்தத்தோடு போய்விடும். ஏழாவது மாதம் அந்த மெக்கானிக் சிரித்தபோது அவன் மனைவி அழுதாள். வடிவும் அழுதாள். அவள் யாரையாவது மதித்த கடைசி நாள் அதுவாக இருக்கலாம்.

எந்த இழை எந்தத் தசைக்குப் போக வேண்டும் என்பதைத் தடம்தான் சொல்லும். ஒரு தடத்தை அடைத்துவிட்டால் அந்தத் தசைக்கு ஆயுசுக்கும் அசைவில்லை. இதை ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது நாச்சிமுத்துவிடம் வேடிக்கையாகச் சொல்லித் தொலைத்தாள். நாச்சிமுத்து நிறுவனத்தின் தலைவர். அவருக்கு வேடிக்கை புரியாது.

"அப்ப அந்தச் சுளிக்கற தசைக்கு மட்டும் தடத்த அடைச்சுப்போட்டா, மனுசன் மூஞ்சியச் சுளிக்கவே மாட்டானுங்களா டாக்டரம்மா?"

"மாட்டான்."

"சிரிப்பானுங்களா?"

"சிரிப்பான். சிரிக்கதைத் தவிர அந்தப் பயலுக்கு வேற என்ன வழி?"

நாச்சிமுத்து தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அதற்கப்புறம் நடந்தது நாடறிந்தது. முதலில் விமானப் பணியாளர்கள், வங்கி ஊழியர்கள், வரவேற்பாளர்கள். பிறகு ஆசிரியர்கள், கட்சித் தொண்டர்கள். நல்ல நரம்பை வெட்டிக்கொண்டு சாரம் வைத்துக்கொள்ள மக்கள் வரிசையில் நின்றார்கள். 'இன்முகம் உள்ள வரன் தேவை' என்று விளம்பரம் வந்தது. பத்து வருஷத்தில் தமிழ்நாட்டில் முகம் சுளிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. யாரும் சுளிக்காததால் யாரும் நிறுத்தவில்லை. பாடகர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் பாடினார்கள். கவியரங்கங்கள் விடிய விடிய நடந்தன. ஊர் முழுக்க சாம்பார் கெட்டுப்போனது.

வடிவின் கணவர் அந்தக் காலத்தில்தான் கவிதை எழுத ஆரம்பித்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார், அவள் முகத்தைப் பார்த்தார், அடுத்த வருஷம் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

பிறகு முகமானி வந்தது. வாய் பொய் சொல்லும், கையெழுத்தை மிரட்டி வாங்கலாம், முகம் ஒன்றுதான் பொய் சொல்லாது என்று சட்டசபையில் ஒருவர் பேசினார். சபை மலர்ந்த முகத்தோடு கேட்டது. முகச்சம்மதச் சட்டம் நிறைவேறியது. அன்றிலிருந்து எந்த ஒப்புதலுக்கும் ஆளை முகமானியின் முன்னால் உட்கார வைத்தார்கள். நாற்காலியின் கைப்பிடி நாடியைப் பார்த்து நடிப்பைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். முகத்தை ஐந்து வினாடி கண்ணாடிக் கண் வாசிக்கும். சுளித்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. மக்களால் சுளிக்க முடியாது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. குப்பைக் கிடங்கு வேண்டுமா என்று கேட்டால் பச்சை. வீட்டை இடிக்கலாமா என்று கேட்டால் அதற்கும் பச்சை.

மருத்துவக் கருவிகளுக்கான நெறிக்குழுவில் மட்டும் ஒரு விதி தப்பிப் பிழைத்திருந்தது. ஐந்து உறுப்பினர்களில் ஒருவருக்காவது எல்லாத் தடமும் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு சிவப்பு விழுந்தாலும் பொருள் தள்ளுபடி. அந்த ஐந்தாவது நாற்காலி வடிவுக்கு. அவள் அதே நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவள் ஆயிற்றே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. எப்படிச் சுளிப்பார்கள்?

அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதினோரு பொருள்களை அவள் மூக்கின் மடிப்பாலேயே தீர்த்துக்கட்டியிருந்தாள். தூக்கத்திலும் சிரிக்க வைக்கும் சாரம். துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கான அளவான சோகம். நாச்சிமுத்து ஒவ்வொரு தடவையும் இன்முகத்தோடு கைகூப்பிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாவது பொருளுக்குப் பெயர் 'மழலைமுகம்'. ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டாயம். நெறிக்குழுவின் ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி.

வடிவின் மகள் ஆவுடைக்கு வருகிற ஜூனில் ஆறு வயது முடிகிறது. ஊரில் எல்லாரும் பிள்ளைகளுக்கு வாயில் நுழையாத பெயர் வைத்துக்கொண்டிருந்ததால், வேண்டுமென்றே பழைய திருநெல்வேலிப் பெயராகப் பார்த்து வைத்திருந்தாள். ஆவுடை கேழ்வரகுக் கஞ்சியைப் பார்த்தால் சுளிப்பாள். பக்கத்து வீட்டு மாமா பாடினால் சுளிப்பாள். அம்மாவைவிட ஒரு மடிப்பு கூட விழும். உலகத்தில் வடிவுக்கு மனம் நிறைந்து சிரிப்பு வந்தது அந்த ஒரு மூஞ்சியைப் பார்த்துத்தான்.

"வாய் சொல்றத நம்பாத பிள்ளை. மூஞ்சியப் பாரு. எவன் என்ன சொன்னாலும் மூஞ்சியப் பாரு" என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வடிவின் இடது காதுக்குக் கீழே கட்டி வந்தது. ஆபத்தான கட்டி இல்லை. ஆனால் முகநரம்பு அதன் நடுவில் ஓடியது. மூன்று சென்டிமீட்டர் நரம்பை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார் மருத்துவர். வடிவு கவலைப்படவில்லை. தனக்கான தடப்படத்தைத் தானே வரைந்தாள். ஒரு தடமும் அடைக்காத முழுப்படம். அவள் வேலைகளிலேயே மிக நேர்த்தியானது அதுதான். நடுவில் கண்ணும் நெற்றியும், உள்பக்கம் சுளிப்பு, வெளிப்பக்கம் சிரிப்பு. கீழே வழக்கம்போல ஒற்றை எழுத்தில் கையொப்பம் போட்டாள்: 'வ'.

ஒற்றை எழுத்தில் கையொப்பம் போட வேண்டாம் என்று தரப்பிரிவு மூன்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சாரங்களை அச்சடிக்கும் அச்சுக்கூடத்தில் 'இ' என்றால் இடது, 'வ' என்றால் வலது. சுற்றறிக்கை எழுதியவனுக்கு ஒற்றுப்பிழை இல்லாமல் இரண்டு வரி எழுத வரவில்லை. அவன் தனக்குக் கையெழுத்து கற்றுத் தருவதா என்று மூன்றையும் குப்பையில் போட்டிருந்தாள். வாடிக்கையாளர்களின் படத்தைச் சரிபார்த்து 'இ', 'வ' குறிப்பதற்கு உதவியாளர்கள் இருந்தார்கள். தன் படத்தை எவனும் தொடக் கூடாது என்று நேராக அச்சுக்கூடத்துக்கே அனுப்பினாள்.

அச்சுப்பொறியை ஓட்டுகிறவர் பாக்கியநாதன். நிதானமான மனிதர். பதினைந்து வருஷ அனுபவம். படிவத்தில் இடது என்றிருக்கிறது, படத்தில் 'வ' என்றிருக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு வடிவின் அறை வாசலுக்கு வந்தார்.

"டாக்டரம்மா, ஒரு சின்ன சந்தேகம்..."

வடிவு தலையைத் தூக்கினாள். வாய் திறக்கவில்லை. மேலுதடு ஏறியது, மடிப்பு விழுந்தது. பரிமாறுகிறவரை ஓட வைத்த அதே முகம்தான். பாக்கியநாதன் "ஒண்ணுமில்லைங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். படம் வரைந்தவருக்குத் தெரியாததா என்று, வலதுக்கு உண்டான முறையில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சடித்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆறு மாதம் வடிவின் இடது முகம் தொங்கிக் கிடந்தது. வலது பக்கம் முகத்தை இழுத்துவிடாமல் இருக்க, ஊசி போட்டு அதையும் ஒரு வருஷத்துக்கு உறங்க வைத்தார்கள். உணவுக்கூடத்தில் சாம்பார் மறுபடி உப்பில்லாமல் வந்தது. இருக்கட்டும், வருகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு சாப்பிட்டாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவுடை ஒரு படம் வரைந்து எடுத்துவந்தாள். அதில் அம்மா இருந்தாள். அம்மாவின் மூக்குக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று கோடு. பக்கத்தில் ஒரு குட்டிப் பெண், அவள் மூக்குக்கு நான்கு நான்கு கோடு.

வடிவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்படியொரு சந்தோஷத்தில் ஆறு மாதமாகச் செத்துக் கிடந்த கன்னம் துடித்தது. மேலுதடு ஏறியது. மூக்கின் இடது பக்கம் மூன்று மடிப்பு ஆழமாக விழுந்தது.

ஆவுடையின் கை கீழே இறங்கியது.

"நல்லா இல்லையாம்மா?"

"ரொம்ப நல்லா இருக்கு பிள்ளை! எங்க தங்கமே, ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு."

ஆவுடை அம்மாவின் வாயைப் பார்க்கவில்லை. சொல்லிக் கொடுத்தபடி மூஞ்சியைப் பார்த்தாள். படத்தை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, கஞ்சி குடிக்கப் போனாள். அன்றைக்குக் கஞ்சியைப் பார்த்து அவள் சுளிக்கவில்லை.

வடிவு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படத்தைத் திருப்பி அச்சடித்ததில் உள்பக்கச் சுளிப்பும் வெளிப்பக்கச் சிரிப்பும் இடம் மாறியிருந்தன. நாச்சிமுத்துவை நினைத்தாள், இடது கன்னம் அழகாக மலர்ந்தது. சட்டசபையை நினைத்தாள், கன்னத்தில் குழியே விழுந்தது.

மறுநாள் அச்சுக்கூடத்துக்குப் போனாள். வழியெல்லாம் பாக்கியநாதனை வைதுகொண்டு போனதால் முகம் முழுநிலவாக இருந்தது. அவரும் மகிழ்ந்துபோய் எழுந்து நின்றார்.

"என் படத்துல 'வ'ன்னு இருந்ததுக்கு வலதுன்னு எவன் சொன்னான்?"

"கேக்கத்தானுங்கம்மா வந்தேன். வாசல்ல நின்னேன். நீங்க மூஞ்சியச் சுளிச்சீங்க. எனக்கு வாய் வரலீங்க."

வடிவு திரும்பினாள். வெட்டி மறுபடி வைத்தால் இன்னொரு ஆறு மாதம். மூளை தானாகப் பழகிக்கொள்ளும், இரண்டு வருஷம் பொறுங்கள் என்றார் மருத்துவர். நெறிக்குழு கூட்டத்துக்கோ மூன்று வாரம்தான் இருந்தது.

நெறிக்குழுச் செயலர் தணிகாசலத்தைப் போய்ப் பார்த்தாள். சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து, குடித்ததில் ஒன்றும் உடம்பில் ஒட்டாத மனிதர் என்பது அவளுடைய எண்ணம்.

"என் முகத்துல தடம் மாறிப்போச்சு. சிரிப்பு சுளிப்பா வருது, சுளிப்பு சிரிப்பா வருது. என் முகத்தை வச்சு முடிவு எடுக்காதீங்க. நான் வாயால சொல்லுதேன், எழுத்துல தாரேன்."

"வாய் என்ன வேணா சொல்லும்மா. அதுக்குத்தானே சட்டமே வந்தது" என்றார் அவர் இன்முகத்தோடு. "உங்க சாரத்துக்கு எல்லாத் தடமும் திறந்திருக்குன்னு சான்றிதழ் இருக்கே?"

"திறந்துதான் இருக்கு. இடம்தான் மாறியிருக்கு."

"அப்ப அந்தச் சாரத்தைக் காட்டுங்க. பாத்துடலாம்."

சாரம் எங்கே இருக்கிறது? நரம்பு மறுகரையைத் தொட்டதும் கரைந்து, புளிப்பாகி, ஒரு தடயம் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சமில்லாமல் கரைவதுதான் அதன் பெருமை என்று விளம்பரத்துக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததே அவள்தான். கோப்பில் இருந்த படமோ எந்தப் பிழையும் இல்லாமல், அவள் கையொப்பத்தோடு, பளிச்சென்று இருந்தது.

"சாரம் இல்லேன்னா சான்றிதழ்தான்மா பேசும். ஆனா பாருங்க, இவ்வளவு சந்தோஷமா யாரும் என்கிட்ட புகார் சொன்னதே இல்லை" என்றார் தணிகாசலம்.

ஒரே வழிதான் இருந்தது. முகமானியின் முன்னால் சுளிக்க வேண்டுமானால் அவள் சந்தோஷப்பட வேண்டும். நடிக்க முடியாது, நாடி காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து வினாடி, உண்மையான சந்தோஷம். இவ்வளவுதானே என்று முதலில் நினைத்தாள். வீட்டில் உட்கார்ந்து பழகிப் பார்த்தாள். தன் படிப்பை நினைத்தாள். கூடப் படித்த மடையர்கள் ஞாபகம் வந்தார்கள், கன்னம் மலர்ந்தது. வாங்கிய விருதுகளை நினைத்தாள். கொடுத்தவர்களின் பேச்சு ஞாபகம் வந்தது, கன்னம் இன்னும் மலர்ந்தது. நாற்பத்து நான்கு வருஷ வாழ்க்கையைத் துழாவியதில், யாரையும் கேவலமாக நினைக்காமல் சந்தோஷமாக இருந்த நேரம் என்று இரண்டுதான் அகப்பட்டது. ஒன்று அந்த மெக்கானிக். அவன் பிற்பாடு நல்ல பக்கத்துக்கும் இன்முகம் வைத்துக்கொண்டு கட்சியில் சேர்ந்துவிட்டான். இன்னொன்று ஆவுடை கஞ்சிக்குச் சுளிக்கும் முகம். அது போதும் என்று முடிவு செய்தாள்.

கூட்டத்தன்று நான்கு உறுப்பினர்களும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து எழுந்தார்கள். நான்கும் பச்சை. வடிவு உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். எதிரே நாச்சிமுத்து நின்றார். மழலைமுகத்துக்கு ஒப்புதல் உண்டா என்று முகமானி கேட்டது.

வடிவு கண்ணை மூடி ஆவுடையைக் கூப்பிட்டாள். கஞ்சிக் கிண்ணம் வந்தது. ஆவுடை வந்தாள். சுளிக்கப் போகிறாள் என்று காத்திருந்தாள். ஆவுடை சுளிக்கவில்லை. அம்மாவின் மூஞ்சியைப் பார்த்தாள், படத்தை நான்காக மடித்தாள். மூன்று வாரமாகப் பிள்ளை ஒரு படத்தையும் காட்டவில்லை என்பது வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாக்கியநாதன் வாசலில் வந்து நின்றார். ஒரு வார்த்தை, 'என்ன சந்தேகம், சொல்லுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். சீ, நீயும் ஒரு மனுஷியா என்று தன்னையே நினைத்தாள். இவ்வளவு சுத்தமான வெறுப்பை அவள் வேறு யார்மேலும் பட்டதில்லை. நாடியில் ஒரு துளி நடிப்பில்லை.

இடது கன்னம் விரிந்து, உயர்ந்து, குழி விழுந்து மலர்ந்தது. பச்சை எரிந்தது.

"டாக்டரம்மா இப்படி மனசாரச் சிரிச்சு நான் பாத்ததே இல்லைங்" என்று நாச்சிமுத்து கைகூப்பினார்.

"நான் சம்மதிக்கலை" என்றாள் வடிவு.

"குறிப்புல சேத்துக்கிறேன்மா" என்றார் தணிகாசலம். அறையில் இருந்த எல்லாரும் மலர்ந்திருந்தார்கள். வடிவும்தான்.

பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள். அறிவிப்புப் பலகையில் ஜூன் மாதத்துக்கான மழலைமுகத் தேதிகள் அதற்குள் வந்துவிட்டன. தன்னைத் தானே திட்டித் தீராத நிலையில் நின்றிருந்த அவளைப் பார்த்து மற்றத் தாய்மார்கள் வணங்கிவிட்டுப் போனார்கள்.

ஆவுடை தயங்கித் தயங்கி வந்தாள். பத்தடி தூரத்தில் நின்று, பழக்கப்படி முதலில் அம்மாவின் மூஞ்சியைப் பார்த்தாள். பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, என்னப் பாத்து சிரிக்கிற!"

பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். வாரக்கணக்காகப் பள்ளியிலேயே வரைந்து ஒளித்து வைத்திருந்த படம். அதில் அம்மா மட்டும் இருந்தாள். மூக்குப் பக்கத்தில் இருந்த கோடுகளை அழிரப்பரால் அழித்துவிட்டு, வாயைப் பெரிதாக வளைத்து வரைந்திருந்தாள். பிள்ளையின் தலையில் வெயிலும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது. வடிவுக்குப் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. அதோடு மேலுதடும் ஏற ஆரம்பித்தது.

ஆவுடையின் கண் அந்த உதட்டின்மேல் இருந்தது. பிள்ளையின் முகம் சுருங்கத் தொடங்கியது.

வடிவு அவசரம் அவசரமாக அந்த 'வ'வை நினைத்தாள். குப்பையில் போட்ட சுற்றறிக்கைகளை நினைத்தாள். பாக்கியநாதன் திரும்பிப் போன முதுகை நினைத்தாள். பச்சை விளக்கை நினைத்தாள். த்தூ என்று மனசுக்குள் தன்மேல் தானே காறித் துப்பினாள். கன்னம் மறுபடி மலர்ந்தது.

"நல்லா இருக்காம்மா?"

"ரொம்ப நல்லா இருக்கு பிள்ளை."

இந்தத் தடவை ஆவுடை நம்பினாள். பையில் கையைவிட்டு அடுத்த படத்தை எடுத்தாள். உள்ளே இன்னும் பதினான்கு படங்கள் இருந்தன.